கணினித் தொழிலும் பயிற்சி வகுப்புகளும்



இன்று எந்த அலுவலகத்தினுள் நுழைந்தாலும் மேசைதோறும் கணினியைக் காண்கிறோம். சம்பளப் பட்டியல், சரக்கிருப்பு, வாடிக்கையாளர் விவரம், விடுப்பு விண்ணப்பம் முதலிய யாவும் மென்பொருள் வழியாகவே நடைபெறுகின்றன. அந்த மென்பொருளைப் பராமரித்து, எந்தக் கோப்பை யார் திறக்கலாம் என்பதை வரையறுத்து, பழுது நேரும்போது சரிசெய்து தருபவரை மென்பொருள் நிர்வாகி என்கிறோம். நிறுவனத்தின் இணையப் பக்கங்களை அமைத்துத் தருபவரை இணைய மேம்பாட்டாளர் என்கிறோம். நம் பாட்டனார் காலத்தில் இவ்விரு தொழில்களுக்கும் பெயர்கூட இருந்ததில்லை. அப்படியானால், இத்தொழில்களைச் செய்வோர் இவற்றை எங்கே கற்றனர்? யாரிடம் கற்றனர்? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இன்றைய உரையின் நோக்கமாகும்.

கணினியின் வரலாறு என்றவுடன் நாம் பெரும்பாலும் கருவிகளின் வரலாற்றையே எண்ணுகிறோம். முதற்கருவி எது, அதன் எடை எவ்வளவு, அடுத்த கருவி எவ்வளவு சிறியது என்று பேசுகிறோம். ஆனால் கருவியை விலைகொடுத்து வாங்கிக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்துவிடலாம். அதனை இயக்கும் மனிதரை அவ்வாறு வாங்கிவிட முடியாது. அவர் பயின்று உருவாக வேண்டும். ஆகவே கணினி பரவிய கதை, உண்மையில், பயிற்சி வகுப்புகள் பரவிய கதையே எனலாம். அந்த வகுப்பு எதைக் கற்றுக் கொடுத்தது என்பதைப் பொறுத்தே, கற்றவருடைய பிழைப்பு பத்தாண்டு நிலைத்ததா, இரண்டாண்டில் முடிந்ததா என்பதும் அமைந்தது. இதனை நாம் வரிசையாகப் பார்ப்போம்.

இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில், 1945ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் எனியாக் என்னும் மாபெரும் மின்னணுக் கணினி உருவாகிக்கொண்டிருந்தது. அதில் ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்கள் இருந்தன. அதனை இயக்குவதற்கு ஆறு பெண்கள் தெரிந்தெடுக்கப்பட்டனர். அதற்குமுன் அவர்கள் பீரங்கிக் குண்டு செல்லும் பாதையைக் கையால் கணக்கிட்டுக்கொண்டிருந்தவர்கள். அவர்களுக்குத் துளை அட்டை இயந்திரங்களைக் கையாளும் பயிற்சி கொடுக்கப்பட்டது. ஆனால் எனியாக்கிற்கென்று பாட நூல் இல்லை, ஆசிரியரும் இல்லை. பாதுகாப்புக் காரணத்தால், தொடக்கத்தில் கருவி இருந்த அறைக்குள் நுழையவும் அவர்களுக்கு அனுமதி இல்லை. கருவியின் மின்சுற்று வரைபடங்களைக் கொடுத்து, இதிலிருந்து கற்றுக்கொள்ளுங்கள் என்றார்கள். அவர்களும் கற்றார்கள். 1946ஆம் ஆண்டு பிப்ரவரியில் எனியாக் பொதுமக்களுக்குக் காட்டப்பட்டபோது, அங்கே ஓடிக்காட்டிய கணக்கை அமைத்தவர்கள் இப்பெண்களே. எனினும் அவர்கள் பெயர்கள் உலகுக்குத் தெரியவரப் பல பத்தாண்டுகள் ஆயின.

அதே 1946ஆம் ஆண்டின் கோடையில் ஒரு முக்கியமான நிகழ்ச்சி நடந்தது. பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மூர் மின்பொறியியல் பள்ளி, மின்னணுக் கணினியைப் பற்றி எட்டு வாரப் பயிற்சி வகுப்பு ஒன்றை நடத்தியது. சூலை 8 முதல் ஆகஸ்டு 31 வரை நடைபெற்ற அவ்வகுப்புக்கு அழைக்கப்பட்டவர்கள் முப்பதுக்கும் குறைவானவர்களே. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலிருந்து சென்ற மாரிஸ் வில்க்ஸ் என்பவர், கப்பல் பயணத் தாமதத்தால் கடைசி இரண்டு வாரங்களுக்கே போய்ச்சேர முடிந்தது. ஆனால் அந்த இரண்டு வாரங்களே அவருக்குப் போதுமானவையாயின. ஊர் திரும்பிய அவர் எட்சாக் என்னும் கணினியைக் கட்டத் தொடங்கினார். 1949ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் நாள் அக்கருவி முதன்முதலாகக் கணக்குச் செய்தது. கடல் கடந்து வந்தது கருவி அன்று. ஒரு வகுப்பில் பெற்ற அறிவே என்பதை இங்கு நாம் மனங்கொள்ள வேண்டும்.

கேம்பிரிட்ஜில் வில்க்ஸ் குழுவினர் கருவியைக் கட்டியதோடு நின்றுவிடவில்லை. கணினிக்கு ஆணைத் தொடர் எழுதுவது எப்படி என்பதை விளக்கும் நூலை 1951ஆம் ஆண்டில் வெளியிட்டனர். இத்துறையின் முதற்பாட நூல் என அதனைக் கூறுவர். கோடைக்கால வகுப்புகளையும் நடத்தினர். 1951ஆம் ஆண்டில் அவ்வகுப்புக்கு நெதர்லாந்திலிருந்து வந்த இளைஞர் ஒருவர், பின்னாளில் கணினி அறிவியலின் பேராசான்களுள் ஒருவராக மதிக்கப்பட்ட எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா ஆவார். 1953ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் கணினித் துறையில் பட்டயக் கல்வியையும் தொடங்கியது.

இதுவரை சொன்னவை யாவும் பல்கலைக்கழகத்திலும் படைத்துறையிலும் நடந்தவை. இனி அலுவலகத்திற்கு வருவோம்.

இங்கிலாந்தில் லயன்ஸ் என்றொரு நிறுவனம் இருந்தது. அது தேநீர்க் கடைகளையும் அடுமனைகளையும் நடத்திய நிறுவனம். ரொட்டி, கேக், தேயிலை ஆகியவை அதன் சரக்குகள். நாள்தோறும் பல்லாயிரம் சிறு விற்பனைகள் நடைபெறும். ஒவ்வொன்றிலும் கிடைக்கும் ஆதாயமோ சில காசுகளே. ஆகவே கணக்கு எழுதும் செலவு மிகுந்தால் ஆதாயம் கரைந்துவிடும். நம் ஊர் மளிகைக் கடைக்காரரும் அறிந்த உண்மைதானே இது? கணக்கு எழுதும் செலவைக் குறைக்க வழி தேடிய அந்நிறுவனம், கேம்பிரிட்ஜில் நடக்கும் ஆய்வைப் பற்றிக் கேள்வியுற்று, அதற்கு 3,000 பவுன் நன்கொடை அளித்தது. பின்னர் எட்சாக்கை முன்மாதிரியாகக் கொண்டு லியோ என்னும் கணினியைத் தானே கட்டிக்கொண்டது. 1951ஆம் ஆண்டின் இறுதியில், அடுமனைப் பொருள்களின் மதிப்பீட்டுக் கணக்கை லியோ செய்யத் தொடங்கியது. வாணிக அலுவலகத்தின் அன்றாட வேலையை ஒரு கணினி செய்த முதல் நிகழ்ச்சி இதுவே என்று வரலாற்றாசிரியர்கள் கூறுவர்.

கருவி வந்துவிட்டது, அதற்கு ஆணை எழுதும் ஆட்களுக்கு எங்கே போவது? வெளியே தேடினால் கிடைக்க மாட்டார்கள். உலகத்திலேயே அத்தகையோர் மிகச் சிலர். ஆகவே லயன்ஸ் நிறுவனம் தன் அலுவலக ஊழியர்களிடையே தேடியது. கணினியைப் பாராட்டி அறியும் வகுப்பு என்று பொருள்படும் பெயரில் ஒரு வாரப் பயிற்சியை நடத்தியது. பகலெல்லாம் விரிவுரை; மாலையில் எழுதிக் கொண்டுவர வேண்டிய பயிற்சிகள். யாருக்கு இது பிடிபடுகிறது என்று பார்த்து, அவர்களைத் தெரிந்தெடுத்தார்கள். 1952ஆம் ஆண்டில் அவ்வாறு தெரிந்தெடுக்கப்பட்டவர்களுள் ஒருவர் மேரி கூம்ஸ். அவர் பல்கலைக்கழகத்தில் பயின்றது பிரெஞ்சு மொழியும் வரலாறும். கணிதமோ பொறியியலோ அன்று. வாணிகக் கணினிக்கு நிரல் எழுதிய முதற்பெண்மணி என்று இன்று அவர் போற்றப்படுகிறார்.

லயன்ஸ் நிறுவனத்தின் முறையில் ஒரு நுட்பம் உண்டு. அடுமனைக் கணக்கும் சம்பளக் கணக்கும் எவ்வாறு நடைபெறுகின்றன என்பதை அந்த ஊழியர்கள் முன்பே அறிந்திருந்தார்கள். அவர்களுக்குக் கருவியைக் கற்பித்தால் போதும். வேலையை அறிந்தவருக்குக் கருவியைக் கற்பிப்பது எளிது. கருவியை மட்டும் அறிந்தவருக்கு ஓர் அலுவலகத்தின் வேலையைக் கற்பிப்பது அரிது. இவ்வுண்மையை அத்தேநீர்க் கடை நிறுவனம் எழுபது ஆண்டுகளுக்கு முன்பே கண்டுகொண்டது.

1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் வான்பாதுகாப்புக்காகச் சேஜ் என்னும் பெருங்கணினி அமைப்பு உருவாயிற்று. அதற்கு நிரல் எழுத எஸ்டிசி என்னும் நிறுவனம் ஆயிரக்கணக்கானோரைப் பயிற்றுவித்தது. அங்கே பயின்றவர்கள் பின்னர் வெளியேறித் தனியார் நிறுவனங்களுக்குச் சென்றார்கள். அதனால் அந்நிறுவனத்தையே நிரலர்களின் பல்கலைக்கழகம் என்று வேடிக்கையாக அழைத்தவர்களும் உண்டு.

மற்றொரு பக்கம், கணினி விற்ற ஐபிஎம் நிறுவனம் தன்னிடம் கருவி பெறுவோருக்குத் தானே பயிற்சியும் அளித்துவந்தது. கருவிக்குக் கொடுக்கும் கட்டணத்திலேயே பயிற்சியும் மென்பொருளும் அடங்கும் என்பது வழக்கம். 1969ஆம் ஆண்டு சூன் 23ஆம் நாள் இவ்வழக்கம் மாறியது. இனிமேல் மென்பொருள், சேவை, பயிற்சி ஆகியவற்றுக்குத் தனித்தனியே கட்டணம் வாங்கப்படும் என்று அந்நிறுவனம் அறிவித்தது. மென்பொருள் ஒரு தனித்தொழிலாக வளர்ந்தது இவ்வறிவிப்பின் பயன் என்று பலரும் எழுதியுள்ளனர். நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. அந்நாள் முதல் கணினிப் பயிற்சியும் விலை குறித்த சரக்காயிற்று. அதனை விற்பவரும் வாங்குபவரும் தோன்றினர். சரக்கு என்று வந்துவிட்டால், நல்ல சரக்கு எது, போலிச் சரக்கு எது என்ற கேள்வியும் கூடவே வந்துவிடும் அல்லவா?

இனி நம் நாடுகளை நோக்குவோம். சிங்கப்பூரில் மத்திய சேமநிதிக் கழகம் 1960களின் முற்பகுதியிலேயே கணினியைப் பயன்படுத்தத் தொடங்கியது. மலேசியாவில் தேசிய மின்சார வாரியம் 1960களின் நடுப்பகுதியில் கணினியை அமைத்தது. இலட்சக்கணக்கான உறுப்பினர்களின் சேமிப்புக் கணக்கும், மின்கட்டணப் பட்டியலும் கையால் எழுதி மாளாதவை. ஆகவே கணினி இவ்விடங்களுக்கு முதலில் வந்ததில் வியப்பில்லை. கணினியைப் பற்றிப் பள்ளிகளில் பாடமே இல்லாத காலம் அது. கருவி விற்ற நிறுவனங்கள் நடத்திய வகுப்புகளிலும் வேலை செய்யும் இடத்திலுமே ஊழியர்கள் பழகிக்கொண்டனர்.

1980ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் கணினித் தொழில் வல்லுநர்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 850 மட்டுமே. அவ்வாண்டில் டாக்டர் டோனி டான் தலைமையில் தேசியக் கணினிமயக் குழு அமைக்கப்பட்டது. கணினித் தொழிலை வளர்க்க முதலில் வேண்டுவது பயிற்சி பெற்ற ஆட்களே என்பதை அக்குழு உணர்ந்தது. 1981ஆம் ஆண்டில் தேசியக் கணினி வாரியம் நிறுவப்பட்டது. அதே ஆண்டில் ஐபிஎம் நிறுவனத்தின் ஒத்துழைப்புடன், சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் அமைப்பியல் அறிவியல் கழகம் தோன்றியது. 1982ஆம் ஆண்டில் ஜப்பானிய அரசின் உதவியுடன் ஜப்பான் சிங்கப்பூர் மென்பொருள் தொழில்நுட்பக் கழகம் தொடங்கப்பட்டது.

இவற்றுள் அமைப்பியல் அறிவியல் கழகம் செய்த ஒன்று நம் கருத்துக்கு உரியது. வேறு துறைகளில் பட்டம் பெற்றவர்களையும் சேர்த்துக்கொண்டு, அமைப்புப் பகுப்பாய்வில் பட்டயப் படிப்பை அது நடத்தியது. அமைப்புப் பகுப்பாய்வு என்பது என்ன? ஓர் அலுவலகத்தில் ஒரு தாள் எங்கே பிறக்கிறது, யார் கைக்கு மாறுகிறது, எங்கே தங்குகிறது, எங்கே முடிகிறது என்று ஆராய்ந்து, அதற்கேற்பக் கணினி முறையை வகுப்பதாகும். தேநீர்க் கடை நிறுவனம் கண்டறிந்த அதே உண்மை இங்கும் இடம்பெறுவதைக் காண்கிறோம்.

பணம் எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்துகொள்ளத்தக்கது. சிங்கப்பூரில் 1979ஆம் ஆண்டில் திறன் மேம்பாட்டுத் தீர்வைச் சட்டம் இயற்றப்பட்டது. குறைந்த ஊதியம் பெறும் தொழிலாளரை வேலைக்கு வைத்திருக்கும் முதலாளிகள் அத்தீர்வையைச் செலுத்தினர். அப்பணம் தொழிலாளர் பயிற்சிக்குத் திரும்பியது. மலேசியாவில் 1992ஆம் ஆண்டின் மனிதவள மேம்பாட்டுச் சட்டம் இதே நோக்குடன் இயற்றப்பட்டது. அதன்படி, அதற்குட்பட்ட முதலாளிகள் ஊழியர் சம்பளத்தில் நூற்றுக்கு ஒரு பங்கை நிதியாகச் செலுத்திப் பயிற்சிக்குப் பயன்படுத்தலாயினர். தொழிலாளியின் பெயரால் சேர்க்கப்படும் பணம் அவருக்கு உண்மையான கல்வியாகத் திரும்புகிறதா என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு என்பதற்காகவே இதனை இங்குக் குறிப்பிட்டோம்.

1981ஆம் ஆண்டில் ஐபிஎம் நிறுவனத்தின் சொந்தக் கணினி விற்பனைக்கு வந்தது. அதன்பின் கணினி தனி அறையை விட்டு மேசைக்கு இறங்கியது. மேசைகளிலிருந்த கணினிகளைக் கம்பியால் இணைத்தபோது ஒரு புதிய வேலை பிறந்தது. கணினிகளை இணைக்கும் பிணையத்தைக் கவனித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். பல சிறு அலுவலகங்களில் இதற்கென்று எவரையும் நியமிக்கவில்லை. கணினியில் சற்று ஆர்வம் காட்டிய எழுத்தரோ கணக்கரோ, தம் வேலையோடு இதனையும் பார்த்துக்கொண்டார். இன்றைய மென்பொருள் நிர்வாகியின் மூதாதையர் இவர்களே.

இவர்களுடைய திறமையை எதைக்கொண்டு அளப்பது? பல்கலைக்கழகங்கள் அதற்கான தேர்வை நடத்தவில்லை. மென்பொருளை விற்ற நிறுவனங்களே அவ்விடத்தை நிரப்பின. பிணைய மென்பொருளில் அன்று முன்னணியில் இருந்த நாவெல் நிறுவனம் 1980களின் இறுதியில் தன் சான்றிதழ்த் தேர்வுகளைப் பரப்பியது. 1992ஆம் ஆண்டில் மைக்ரோசாஃப்ட் நிறுவனமும், 1993ஆம் ஆண்டில் சிஸ்கோ நிறுவனமும் தத்தம் தேர்வுகளை நடத்தத் தொடங்கின. பட்டம் பெற வாய்ப்பில்லாத பலருக்கு இச்சான்றிதழ்கள் ஒரு கதவைத் திறந்துவிட்டன. அந்நன்மையை நாம் மறுக்கலாகாது. பகலில் வேலை செய்து, இரவில் வகுப்புக்குச் சென்று, தேர்வு எழுதி முன்னேறியவர்கள் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் பலர்.

ஆயினும் இதில் இரண்டு குறைகள் தோன்றின. முதலாவது, விடைகளை மனப்பாடம் செய்து தேர்வில் வெல்வோர் பெருகினர். கையில் சான்றிதழ் இருக்கும். கருவி பழுதானால் கை நடுங்கும். இத்தகையோரைக் காகித வல்லுநர் என்று அத்துறையினரே எள்ளினர். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் முன்னோர் சொன்னது இவர்களுக்கும் பொருந்தும்.

இரண்டாவது குறை இதனினும் பெரிது. சான்றிதழ் ஒரு நிறுவனத்தின் ஒரு சரக்கோடு கட்டப்பட்டிருந்தது. அச்சரக்கு பழையதானால் சான்றிதழும் பழையதாகும். 1996ஆம் ஆண்டில் விண்டோஸ் என்டி 4.0 வெளிவந்தது. அதில் தேர்ச்சி பெற்றுச் சான்றிதழ் வாங்கியவர்கள் உலகெங்கும் ஏராளம். நான்கே ஆண்டுகளில், 2000ஆம் ஆண்டில், விண்டோஸ் 2000 வந்தது. பழைய அமைப்புக்கான சான்றிதழைப் பெற்றவர்கள் புதிய தேர்வுகளை எழுதாவிட்டால், 2001ஆம் ஆண்டு முடிவோடு அச்சான்றிதழ் செல்லாது என மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. பணமும் உழைப்பும் செலவிட்டவர்கள் கொதித்தெழுந்தனர். 2001ஆம் ஆண்டு அக்டோபரில் அந்நிறுவனம் அம்முடிவைக் கைவிட்டது. அவர்கள் வென்றார்கள் என்று சொல்லலாம். ஆனால் தாளில் சான்றிதழ் நிலைத்ததே தவிர, அலுவலகங்கள் புதிய அமைப்புக்கு மாறிக்கொண்டேதான் இருந்தன. நாவெல் நிறுவனத்தின் பிணைய மென்பொருளை மட்டும் கற்றவர்களின் நிலையும் இதுவே. அது அலுவலகங்களிலிருந்து மறைந்தபோது, அதனைப் பற்றிய கட்டளைகளை நினைவில் வைத்திருந்ததால் பயன் ஏதும் இல்லை. பிணையம் என்பது எவ்வாறு இயங்குகிறது என்பதைப் புரிந்துகொண்டவர்களோ சில மாதங்களில் புதிய அமைப்பைக் கற்றுக்கொண்டு வேலையைத் தொடர்ந்தனர்.

இப்போது இணைய மேம்பாட்டாளரின் கதைக்கு வருவோம். 1989ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தின் செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ் லீ என்பவர் உலகளாவிய வலை என்னும் கருத்தை முன்வைத்தார். 1993ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள், அத்தொழில்நுட்பத்தை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று செர்ன் அறிவித்தது. மலேசியாவில் 1992ஆம் ஆண்டில் ஜாரிங் இணையச் சேவையும், சிங்கப்பூரில் 1994ஆம் ஆண்டில் சிங்நெட் சேவையும் தொடங்கின.

இத்தொழிலை முதலில் கற்றவர்களுக்குப் பள்ளிக்கூடம் எது தெரியுமா? இணையப் பக்கங்களேதான். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும், அது எவ்வாறு எழுதப்பட்டது என்பதை ஒரு பொத்தானை அழுத்தினால் பார்க்கலாம். ஹெச்டிஎம்எல் என்னும் குறிமுறை அங்கே வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கும். அதைப் படித்து, ஒரு வரியை மாற்றி, விளைவைக் கண்டு கற்றார்கள். எனியாக் வரைபடங்களைப் பார்த்துக் கற்ற அந்த ஆறு பெண்களின் முறை இங்கே மீண்டும் வந்தது எனலாம். ஆனால் இம்முறை கதவு பூட்டப்படவில்லை.

தமிழ் இணையத்தில் ஏறிய வரலாறும் இதனோடு சேர்ந்ததே. சிங்கப்பூர் எழுத்தாளரும் ஆசிரியப் பயிற்சி விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி, கணினித் துறையில் பட்டம் பெற்று வந்தவர் அல்லர், தமிழாசிரியர். எனினும் கணியன் என்னும் தமிழ் எழுத்துருவையும் விசைப்பலகை முறையையும் உருவாக்க உழைத்தார். 1995ஆம் ஆண்டில் சிங்கப்பூர்க் கவிதைத் தொகுப்பு ஒன்று நான்கு மொழிகளிலும் இணையத்தில் ஏறியபோது, தமிழும் அங்கே இடம்பெற்றது அவருடைய முயற்சியால். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1980களிலேயே முரசு மென்பொருளை உருவாக்கினார். 1997ஆம் ஆண்டு மே மாதம் சிங்கப்பூரில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாடு, இத்தகையோரை ஒரே கூரையின்கீழ்க் கூட்டியது. தம் வேலை இன்னதென்று அறிந்தவர் கருவியைக் கற்றுக்கொண்டால் என்ன நடக்கும் என்பதற்குத் தமிழர்களாகிய நமக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமா?

1990களின் பிற்பகுதியில் இணையப் பக்கம் அமைக்கும் வகுப்புகள் வணிக நிலையங்களில் பெருகின. அவற்றுள் பல, ஒரு குறிப்பிட்ட மென்பொருளில் எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்பதையே கற்பித்தன. ஃபிளாஷ் என்னும் அசைபடத் தொழில்நுட்பம் ஒரு காலத்தில் இத்துறையில் கொடிகட்டிப் பறந்தது. அதைக் கற்பிக்கும் வகுப்புகளில் சேர்ந்தோர் மிகப் பலர். 2020ஆம் ஆண்டு திசம்பர் 31ஆம் நாளோடு அடோபி நிறுவனம் அதற்கான ஆதரவை நிறுத்திவிட்டது. ஆனால் அதே காலத்தில் பிறந்த ஹெச்டிஎம்எல் குறிமுறையும், 1995ஆம் ஆண்டில் தோன்றிய ஜாவாஸ்கிரிப்ட் மொழியும், 1996ஆம் ஆண்டில் பரிந்துரைக்கப்பட்ட சிஎஸ்எஸ் நடைத்தாளும் வளர்ந்து இன்றும் பயன்படுகின்றன. முன்னது ஒரு நிறுவனத்தின் உடைமை. பின்னவை பலரும் கூடி வகுத்த பொதுத்தரங்களாக வளர்ந்தவை. எதில் உழைப்பைச் செலுத்தினால் நெடுநாள் பயன் தரும் என்பதற்கு இவ்வேறுபாடு ஒரு குறிப்பாகும்.

2010களில் பயிற்சி மேலும் இரு வடிவங்களை எடுத்தது. ஒன்று, சில மாதங்களில் ஒருவரை இணைய மேம்பாட்டாளராக்குவோம் என்று கூறிய தீவிரப் பயிற்சி முகாம்கள். 2012ஆம் ஆண்டில் சான்பிரான்சிஸ்கோவில் தொடங்கி இம்முறைக்கு வழிகாட்டிய டெவ் பூட்கேம்ப் என்னும் நிறுவனமே 2017ஆம் ஆண்டில் மூடப்பட்டது. மற்றொன்று, இணையம் வழியாக இலவசமாகவும் குறைந்த செலவிலும் கிடைக்கும் பாடங்கள். மென்பொருள் நிறுவனங்களும் தம் சான்றிதழ் முறையை மாற்றின. மைக்ரோசாஃப்ட் தன் பழைய நிர்வாகிச் சான்றிதழ்களை 2021ஆம் ஆண்டு சனவரியில் நிறுத்திவிட்டு, வேலைப் பொறுப்பை அடிப்படையாகக் கொண்ட சான்றிதழ்களுக்கு மாறியது. அவற்றுள் பல ஓராண்டே செல்லும். இணையத்தில் கட்டணமின்றிப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். ஒரு முறை கற்று வாழ்நாள் முழுதும் உண்ணலாம் என்ற எண்ணத்திற்கு இனி இடமில்லை என்பதை இது காட்டுகிறது.

அரசும் இதனை உணர்ந்துள்ளது. சிங்கப்பூரில் 2015ஆம் ஆண்டில் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் இயக்கம் தொடங்கப்பட்டது. 25 வயதும் அதற்கு மேலும் ஆன குடிமக்களுக்கு 2016ஆம் ஆண்டு முதல் 500 வெள்ளி பயிற்சித் தொகை வழங்கப்பட்டது. 2024ஆம் ஆண்டு மே மாதத்தில், 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குக் கூடுதலாக 4,000 வெள்ளி வழங்கப்பட்டது.

நாற்பது வயதைக் கடந்த கணக்கர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவர் வேலை செய்யும் நிறுவனம் புதிய மென்பொருளுக்கு மாறுகிறது. வீட்டுக் கடனும் பிள்ளைகளின் படிப்பும் அவர் தோளில் இருக்கின்றன. தவறான வகுப்பில் சேர்ந்து ஆறு மாத மாலைப் பொழுதுகளை இழந்தால், பணத்தை அரசு தந்திருந்தாலும், காலத்தைத் திருப்பித் தருவார் யார்? ஆகவே வகுப்பில் சேருமுன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்வது நன்று.

முதற்கேள்வி: இந்த வகுப்பு பொத்தான்களை மட்டும் காட்டுகிறதா, அல்லது அவற்றின் பின்னே என்ன நடக்கிறது என்பதையும் விளக்குகிறதா? பயனர் உரிமை, தரவுத்தளம், பிணையம், காப்புப் பிரதி ஆகியவற்றை ஒரு மென்பொருளில் நன்கு புரிந்துகொண்டவர் மற்றொரு மென்பொருளிலும் அவற்றை அடையாளம் கண்டுகொள்வார்.

இரண்டாம் கேள்வி: பயிற்சியின்போது நம் கையால் எதையாவது கட்டி, பழுதாக்கி, மீண்டும் சரிசெய்யும் வாய்ப்பு உண்டா? நீச்சலைக் கரையில் அமர்ந்து கற்க முடியாது. லயன்ஸ் நிறுவன ஊழியர்கள் ஒவ்வொரு மாலையும் தாமே எழுதிப் பழகியதை நினைவிற் கொள்க.

மூன்றாம் கேள்வி: நாம் ஏற்கெனவே அறிந்த வேலைக்கும் இதற்கும் தொடர்பு உண்டா? கிடங்கில் இருபது ஆண்டு பணியாற்றியவர், சரக்கிருப்பு மென்பொருளின் நிர்வாகியாவதற்கு, இளம் பட்டதாரியை விடத் தகுதி வாய்ந்தவராக இருக்கக்கூடும். எந்தச் சரக்கு எப்போது தீரும், எந்தப் பதிவில் தவறு நேரும் என்பது அவருக்குத் தெரியும். அவ்வறிவு எந்த வகுப்பிலும் விலைக்குக் கிடைப்பதில்லை.

முதலாளிகளுக்கும் ஒரு சொல். ஆள் கிடைக்கவில்லை என்று குறைகூறுமுன், தம் அலுவலகத்திலேயே அமர்ந்திருப்போரை ஒருமுறை நோக்குவார்களாக. வேலை நேரத்தில் ஒரு பகுதியைப் பயிற்சிக்கு ஒதுக்குவார்களாக. நாளெல்லாம் உழைத்துக் களைத்தவரிடம், இரவில் நீயே கற்றுக்கொள் என்று சொல்வது எளிது. எனினும் 1952ஆம் ஆண்டிலேயே ஒரு தேநீர்க் கடை நிறுவனம் தன் ஊழியர்களுக்குப் பகற்பொழுதில் ஒரு வாரம் ஒதுக்கித் தந்தது. இன்றைய நிறுவனங்களுக்கு அது இயலாததாகுமா?

நேயர்களே, எட்டு வார வகுப்பு ஒன்று கணினியை ஒரு கண்டத்திலிருந்து இன்னொரு கண்டத்துக்குக் கொண்டுசென்றதையும், ஒரு வார வகுப்பு மொழியும் வரலாறும் படித்த பெண்ணை நிரலராக்கியதையும், நான்கே ஆண்டுகளில் ஒரு சான்றிதழ் பழையதானதையும் கண்டோம். வகுப்பின் காலம் நீண்டதா குறுகியதா என்பது பெரிதன்று. அது கற்பித்தது ஒரு சரக்கையா, ஒரு தொழிலையா என்பதே பெரிது. உங்கள் வீட்டில் எவரேனும் அடுத்த மாதம் கணினி வகுப்பில் சேர எண்ணியிருந்தால், விண்ணப்பத் தாளில் கையெழுத்திடுமுன் அம்மூன்று கேள்விகளையும் அவ்வகுப்பை நடத்துவோரிடமே நேரில் கேட்கச் சொல்லுங்கள். விடை தெளிவாக வந்தால் சேரட்டும். வராவிட்டால் வேறிடம் தேடட்டும்.